பனைரிம் விற்கலாமா? பகடி கேம் செய்யும் வாசகிக்கு ஒரு சட்டத்தரணியின் பதில்

யாழ்ப்பாணத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து 25 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணினி விஞ்ஞானம் படித்த அவர், கூடப் படித்த நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, வேலை முடிந்த இரவுகளில் ஒரு வீடியோ கேம் செய்கிறார். 2011 நவம்பர் 11 ஆம் திகதி வெளிவந்த ‘ஸ்கைரிம்’ என்ற திறந்தவெளிக் கற்பனைக் கேமின் பகடி அது. பெயர் ‘முதுஓலைகள்: பனைரிம்’. மூலக் கேமில் நாயகன் கைதியாகக் குதிரை வண்டியில் வந்து இறங்குவான். இங்கே கொடிகாமத்திலிருந்து வரும் மினிபஸ்ஸின் படியில் தொங்கியபடி வருகிறான். டிராகனுக்குப் பதில் பறக்கும் உடும்பு. மூன்று சொல்லைக் கத்தினால் எதிரே நிற்பவர் பறந்து விழும் மந்திரம் மூலத்தில் உண்டு; பனைரிமில் அந்தச் சக்தி வேலிக்கு மேலால் “அடேய்… இஞ்ச… வா!” என்று கூப்பிடும் அம்மம்மாவிடம் இருக்கிறது. கடைக்காரரின் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கடையைத் துடைத்தெடுக்கும் பழைய தந்திரத்தை இங்கே பனையோலைக் கடகம் செய்கிறது. ஏழாயிரம் படி ஏறி மலை உச்சிக்குப் போகும் பயணத்துக்கு யாழ்ப்பாணத்தில் மலை இல்லாததால், நாயகன் ஒரே பனையில் ஏழாயிரம் தரம் ஏறி இறங்க வேண்டும்.

பிரச்சினை ட்ரெய்லரோடு தொடங்கியது. ஸ்கைரிமின் முகப்பு இசையை நாதஸ்வரத்திலும் தவிலிலும் வாசித்துப் பதிவு செய்து, ட்ரெய்லரில் 40 வினாடிக்குச் சேர்த்திருக்கிறார்கள். பதிப்புரிமை முறைப்பாடு வந்து யூடியூப் காணொளியை நீக்கிவிட்டது. சனலுக்கு ஒரு ஸ்ட்ரைக், அதாவது எச்சரிக்கைப் புள்ளி. நண்பர் ஒருவர், “நாங்கள் செய்தது பகடி, எதிர் அறிவிப்புக் கொடுப்போம்” என்கிறார். மாமா, “எல்லாத்தையும் அழி, இல்லாட்டி மறியலுக்குத்தான் போவாய்” என்கிறார். கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் செலவுக்கு 3,000 டொலர் அனுப்பியிருக்கிறார். இப்போது கேம் தன்னுடையது என்று பேசத் தொடங்கிவிட்டார். இவற்றோடு, விற்கலாமா, இலவசமாக விட்டால் பாதுகாப்பா, கேமில் வரும் உண்மை மனிதர்களால் சிக்கல் வருமா, பறக்கும் உடும்பு நூலகத்தை எரிப்பதாகத் தொடக்கக் காட்சி வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தங்கச்சி,

முதலில் மாமாவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், உங்கள் நித்திரையைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. எங்கள் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிப்புரிமை மீறலுக்குத் தண்டனை உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அது வேண்டுமென்றே மீறுபவருக்கு உரியது. நல்ல நம்பிக்கையோடு பகடி செய்து, முறைப்பாடு வந்ததும் ஆலோசனை கேட்டு எழுதும் ஒருவரை நினைத்து அந்தப் பிரிவை யாரும் எடுத்து நீட்டப் போவதில்லை. எனவே எதையும் அழிக்க வேண்டாம். திகதியோடு இருக்கும் உங்கள் பழைய வரைபுகள், கணினிக் கோட், ஒலிப்பதிவுகள் எல்லாம் நீங்கள் சொந்தமாக உழைத்ததற்குச் சாட்சி. அவற்றை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். முறைப்பாடு வந்த பிறகும் அதே இசையை மீண்டும் ஏற்றினால், தெரியாமல் செய்தோம் என்று சொல்லும் வழி அடைபட்டுவிடும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

நண்பர் சொல்வதிலும் பாதிதான் சரி. பகடி என்று சொன்னதும் திறக்கும் கதவு எங்கள் சட்டத்தில் இல்லை.

சட்டம் பகடியை எப்படிப் பார்க்கிறது

சில நாடுகள் பகடிக்குத் தனியாகவே விதிவிலக்கு எழுதி வைத்திருக்கின்றன. அவுஸ்திரேலியா 2006 இலும், கனடா 2012 இலும், பிரித்தானியா 2014 இலும் அதைச் சட்டத்தில் சேர்த்தன. எங்களிடம் இருப்பது 11 ஆம் பிரிவு, நியாயமான பயன்பாடு. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி ‘போன்ற’ நோக்கங்களுக்காக ஒரு படைப்பைப் பயன்படுத்தலாம் என்று அது சொல்கிறது. ‘போன்ற’ என்று இருப்பதால் பட்டியல் மூடப்படவில்லை; பகடியை விமர்சனத்தின் ஒரு வடிவமாக வாதாட இடமுண்டு. நீதிமன்றம் பார்ப்பது நான்கு விடயங்களை: எதற்காக எடுத்தீர்கள், எப்படிப்பட்ட படைப்பிலிருந்து எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலப் படைப்பின் சந்தைக்கு என்ன நடந்தது.

இந்த நான்கும் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கும் நான்கோடு மிக நெருக்கமானவை. அதனால் அங்குள்ள தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் வாதத்துக்கு உதவும். 1994 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு ராப் குழு பழைய பாடலொன்றைப் பகடி செய்த வழக்கில், காசுக்கு விற்றாலும் பகடி நியாயமான பயன்பாடாகலாம் என்றது. பக்கத்தில் கேரளத்திலும் ஒரு வழக்கு உண்டு. புகழ்பெற்ற அரசியல் நாடகம் ஒன்றின் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்து, அந்த நாடகத்தையே விமர்சித்து ஒருவர் எதிர்நாடகம் எழுதினார். 1996 இல் கேரள உயர் நீதிமன்றம் எதிர்நாடகத்தின் பக்கம் நின்றது.

அந்த 1994 தீர்ப்பில் உங்களுக்கு வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. மூலப் படைப்பையே பார்த்துச் சிரிப்பவர் அதிலிருந்து எடுப்பதற்கு நியாயம் சொல்ல முடியும், எடுக்காமல் அதைக் காட்டிச் சிரிக்க முடியாதே. மூலப் படைப்பை வைத்துக்கொண்டு வேறெதையோ பார்த்துச் சிரிப்பவருக்கு அந்த நியாயம் மெலிந்துவிடுகிறது. அவர் தன் சொந்தப் பொருளிலேயே அந்தச் சிரிப்பைச் செய்திருக்கலாம்.

எது எதைப் பார்த்துச் சிரிக்கிறது

உங்கள் கேம் இரண்டையும் செய்கிறது. அதனால்தான் அது நன்றாகவும் இருக்கிறது. ஆகவே கேமை மொத்தமாக எடுத்து ‘சரியா பிழையா’ என்று கேட்பதில் பலன் இல்லை. ஒரு மாலை மூன்று பேரும் உட்கார்ந்து, மூலத்திலிருந்து வந்த ஒவ்வொரு பொருளையும் எழுதி, இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

ஸ்கைரிமில் எந்த ஊருக்குப் போனாலும் காவலர்கள் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்: தானும் ஒருகாலத்தில் வீரப்பயணம் போனவன், முழங்காலில் அம்பு பட்டதோடு எல்லாம் போச்சு என்று. நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கும் காவல்காரர் எல்லோரும் “நானும் வெளிநாடு போக வெளிக்கிட்டனான் தம்பி, ஏஜென்சிக்காரன் ஏமாத்திப்போட்டான்” என்கிறார்கள். அந்த வசனத்தை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மூலக் கேமின் பலவீனத்தை அது சரியாகப் பிடிக்கிறது. எங்கள் ஊரின் ஒரு தலைமுறையின் வலியையும் சொல்கிறது. மூலத்தின் ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை. நியாயமான பயன்பாடு என்ற வாதமே அதற்குத் தேவைப்படாது. கடகத்துக்கும் பனைக்கும் இதே கதைதான். எங்கள் சட்டத்தின் 8 ஆம் பிரிவின்படி எண்ணங்களுக்கும் முறைகளுக்கும் பதிப்புரிமை இல்லை. திறந்த உலகம், வாள், பறக்கும் பெரிய பல்லி, செய்யச் செய்ய வளரும் திறமை, ஊரெல்லாம் வேலை ஏவும் பெரியவர்கள், இவை எவருக்கும் சொந்தமல்ல.

இப்போது பட்டியலின் மறுபக்கம். கவசங்கள், வாள்கள், பனிப்பாறைகள் ஆகியவற்றின் முப்பரிமாண உருவங்களை மூலக் கேமின் கோப்புகளிலிருந்து பிரித்தெடுத்துப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். “காசு குடுத்து வாங்கின கேம்தானே” என்றும் கேட்கிறீர்கள். புத்தகம் வாங்கியவருக்கு அதை அச்சடித்து விற்கும் உரிமை வராது, இதுவும் அப்படித்தான். அதைவிட முக்கியம், அந்தப் பனிப்பாறையில் என்ன சிரிப்பு இருக்கிறது? நேரம் மிச்சம் என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. எழுத்துரு, திரையின் ஓரச் சித்திரங்கள், கதவு திறக்கும் ஒலி எல்லாம் அந்த வகை.

கேமுக்குச் சட்டத்தில் ஆபத்தானவை எவையோ, அவையே கேமில் சிரிப்பில்லாத இடங்களாகவும் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் பனைரிம் ஒன்றையும் இழக்காது. பனிப்பாறை இருந்த இடத்தில் வல்லிபுரத்து மணலும் கீரிமலைக் கடலும் வரட்டும். பழைய மதிலும் சுரங்கமும் வேண்டுமானால் யாழ்ப்பாணக் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கீசர் கட்டி, ஒல்லாந்தர் பெருப்பித்த அதன் வடிவத்தில் எந்தக் கம்பனிக்கும் பதிப்புரிமை கிடையாது.

நாதஸ்வரமும் எதிர் அறிவிப்பும்

நாதஸ்வரத்தில் வாசித்ததால் அது உங்கள் இசையாகிவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். மெட்டு ஒரு படைப்பு, அதன் ஒலிப்பதிவு இன்னொரு படைப்பு. ஒலிப்பதிவு உங்களுடையது, மெட்டு ஜெரமி சோல் அந்தக் கேமுக்காக அமைத்தது. வாத்தியம் மாறினாலும் மெட்டின் உரிமை மாறாது. 30 வினாடிக்குள் குறைத்தால் சரியா என்ற கேள்விக்கும் பதில் ‘சரியாகாது’ என்பதே. வினாடிக் கணக்கு வைத்து அனுமதிக்கும் விதி எங்கள் சட்டத்திலும் கிடையாது, அமெரிக்கச் சட்டத்திலும் கிடையாது.

எதிர் அறிவிப்பு என்பது அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டத்தில் வரும் ஒரு நடைமுறை. கொடுப்பவர் தவறால் அல்லது படைப்பை மாறி அடையாளம் கண்டதால் காணொளி நீக்கப்பட்டது என்று நம்புவதாக, பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டு உறுதி சொல்கிறார். தன் பெயரையும் முகவரியையும் கொடுக்கிறார். அவை முறைப்பாட்டாளரிடம் போகும். அமெரிக்க சமஷ்டி நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குத் தான் உட்படுவதாகவும் ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகு 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் முறைப்பாட்டாளர் வழக்குப் போடாவிட்டால் காணொளி திரும்பி வரும். போட்டால், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அமெரிக்காவில் சட்டத்தரணி பிடிக்க வேண்டும். பகடி பலமாக இருக்கும் இடத்தில் இந்தத் துணிச்சலை நானே ஊக்குவித்திருப்பேன். இங்கே நீங்கள் முழு மெட்டையும் சிரிப்பில்லாமல், அழகாகவே வாசித்திருக்கிறீர்கள். எதிர் அறிவிப்புக் கொடுக்க வேண்டாம்.

ஒரு ஸ்ட்ரைக்கால் சனல் போய்விடாது. யூடியூப்பின் பதிப்புரிமை வகுப்பை முடித்தால் 90 நாட்களில் அது காலாவதியாகும். அதற்குள் மூன்று சேர்ந்தால்தான் சனலுக்கு ஆபத்து. இசையை மாற்றி ட்ரெய்லரைப் புதிதாக ஏற்றுங்கள். இணுவிலும் அளவெட்டியும் பக்கத்தில் இருக்கும்போது இசைக்குப் பஞ்சமா? சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி மரபு இசை, யாருக்கும் தனியுரிமை இல்லாதது. உடும்பு வானத்தில் வரும்போது மல்லாரி ஒலித்தால் மூலத்தின் கோரஸ் இசையைவிட நன்றாக இருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம். வாசிக்கும் கலைஞர்களுக்கும் தங்கள் வாசிப்பில் உரிமை உண்டு. சம்மதத்தை எழுத்தில் வாங்கி, கூலியையும் கொடுங்கள்.

பெயர்

பதிப்புரிமை ஒரு பக்கம், வர்த்தகக் குறி இன்னொரு பக்கம். மூலக் கேமின் கம்பனியான பெதெஸ்டா தன் பெயர்களைக் கவனமாகக் காப்பது. 2011 இல், ‘ஸ்க்ரோல்ஸ்’ என்ற பெயரில் கேம் செய்த சுவீடன் கம்பனியான மொஜாங் மீது, ஸ்கைரிமும் அடங்கும் தன் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ தொடரோடு குழப்பம் வரும் என்று வழக்குப் போட்டது. 2012 இல் சமரசமாக முடிந்தது. அந்தக் கேம் பெயரை வைத்துக்கொள்ளலாம், வர்த்தகக் குறியாகப் பதிய முடியாது என்ற ஏற்பாட்டோடு. எதிரே நின்றது மைன்கிராஃப்ட் செய்த கம்பனி, தாக்குப்பிடித்தது. இன்று பெதெஸ்டாவின் தாய்க் கம்பனி, 2021 இல் 750 கோடி டொலருக்கு வாங்கிய மைக்ரோசொஃப்ட்டின் கையில் இருக்கிறது.

பெயர் விடயத்தில் ‘இது பகடி, மூலக் கேமோடு தொடர்பில்லை’ என்று முகப்பில் எழுதுவது நல்லது, போதுமானது அல்ல. 2023 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விஸ்கிப் போத்தலைப் போலச் செய்த நாய் விளையாட்டுப் பொருள் வழக்கில், பகடியையே தன் பண்டத்தின் குறியாக வைத்து விற்பவருக்கு வர்த்தகக் குறிச் சட்டத்தில் விசேட சலுகை இல்லை என்றது. கேமின் தலைப்பு அப்படிப்பட்ட குறிதான். ‘முதுஓலைகள்’ தனியே நிற்கக்கூடிய அருமையான பெயர். ‘பனைரிம்’ கேமுக்குள் ஓர் ஊரின் பெயராக வந்து போகட்டும், தலைப்பில் வேண்டாம். சுருண்ட உடும்பை மூலச் சின்னத்தின் அதே வைர வடிவுக்குள் வைத்திருக்கிறீர்கள், அதையும் மாற்றுங்கள். உடும்பை உடும்பாகவே வரைந்தால் என்ன?

இலவசமா, விலைக்கா

இலவசமாக விட்டால் வழக்கு வராது என்பதும் பிழையான நம்பிக்கை. காசு வாங்காதது ஒரு சிறு சாதகம், அவ்வளவுதான். இலங்கையில் இருப்பதால் தேடி வரமாட்டார்கள் என்பதும் அப்படியே. எங்கள் நாடு 1959 முதல் பதிப்புரிமைக்கான சர்வதேச பேர்ண் உடன்படிக்கையில் இருக்கிறது. வெளிநாட்டுப் படைப்புக்கு இங்கே பதிவு இல்லாமலே பாதுகாப்பு உண்டு. அவர்கள் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு வர முடியும். வரவும் தேவையில்லை, கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீமுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பினால் கேம் கடையிலிருந்து இறங்கிவிடும். நடைமுறையில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

அதே கம்பனி 2018 இல் அமேசனின் அலெக்ஸாவில் குரலால் விளையாடும்படி, ஸ்கைரிமையே கிண்டல் செய்து ஒரு பதிப்பு வெளியிட்டது. சிரிப்பை அவர்கள் வெறுப்பவர்கள் அல்ல என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அனுமதி தந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்களுக்கு முன்னால் இரண்டு ஒழுங்கான வழி இருக்கிறது. ஒன்று, மூல உருவங்களையும் ஒலிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்கைரிம் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மட்டும் விளையாடும் மொட் ஆக (மூலக் கேமோடு சேர்ந்து ஓடும் ரசிகர் மாற்றம்), கம்பனியின் மொட் நிபந்தனைகளின்படி இலவசமாக விடுவது. உங்கள் விருப்பப்படி விற்கவும் முடியாது, நிபந்தனைகளை மாற்றும் அதிகாரமும் அவர்களிடம். மற்றது, எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்து தனிக் கேமாக விற்பது. இரண்டையும் கலந்த பாதி வழியில்தான் நீங்கள் இப்போது நிற்கிறீர்கள்.

மொட்டிலிருந்து தனிக் கேமுக்குப் போனவர்கள் உண்டு. ‘த ஃபொர்கொட்டன் சிட்டி’ 2015 இல் ஸ்கைரிமுக்கான மொட் ஆக வெளிவந்தது. அதைச் செய்த அவுஸ்திரேலியரான நிக் பியர்ஸ் ஒரு சட்டத்தரணி. வேலையை விட்டுவிட்டு, கதையின் மூல யோசனையை மட்டும் வைத்துக்கொண்டு, களத்தைப் பழைய உரோம நகரமாக மாற்றி, 2021 இல் தனிக் கேமாக வெளியிட்டார். ஸ்கைரிமின் உலகம் போன பிறகும் கதை உயிரோடு நின்றது. உங்களுக்கு நான் சொல்வதும் இந்த வழியைத்தான். உங்களுக்கு உரோமும் தேவையில்லை, வாசலிலேயே களம் இருக்கிறது. வேலை பல மாதம் கூடும் என்பது தெரியும்.

கடைக்காரர், கோயில், நூலகம்

கடகம் கவிழ்க்கப்படும் கடைக்காரர் உங்கள் சந்தையில் உண்மையாகவே இருப்பவர், அவருடைய பெயரும் முகமும் அப்படியே வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவதூறு 2002 முதல் இங்கே குற்றவியல் குற்றமல்ல. ஆனால் சிவில் வழக்குப் போடலாம். அவரிடம் போய்க் காட்டுங்கள். சிரித்துச் சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். முகம் சுருங்கினால் பெயரையும் முகத்தையும் மாற்றுங்கள். குரல் கொடுத்த 16 வயதுத் தம்பிக்காகத் தாய் தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டும்.

கேமில் கோயில் வரும் இடத்தில் இன்னும் கவனம். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகளும், 2007 ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கை) சட்டமும் இந்த நாட்டில் எழுத்தாளர் மேல் பாய்ந்திருக்கின்றன. 2019 இல் ஒரு சிறுகதைக்காக ஓர் எழுத்தாளர் ஏறத்தாழ நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். அது நியாயம் என்று நான் நினைக்கவில்லை. நடந்தது என்பதால் சொல்கிறேன். அடையாளம் தெரியும் கோயில் வேண்டாம், கற்பனைக் கோயில் போதும், அதற்குள் சண்டையும் வேண்டாம். மூலக் கேமின் உள்நாட்டுப் போரை நீங்கள் அரச பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் இடையிலான போராக மாற்றியது நல்ல முடிவு. அதிலேயே நில்லுங்கள். சீருடை, கொடி, சின்னம் எதிலும் எங்கள் போரை நினைவூட்டும் எதுவும் நுழையாமல் பாருங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கும் நாட்டில் அதை வைத்து விளையாட முடியாது.

நூலகக் காட்சியைச் சட்டம் தடுக்கவில்லை. மூலக் கேமின் தொடக்கத்தில் டிராகன் ஓர் ஊரை எரிப்பதால் அந்த யோசனை வந்தது என்று புரிகிறது. 1981 ஜூன் முதலாம் திகதி விடிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாகியிருந்தன. எரித்தது உடும்பு அல்ல. எரித்தவர்களுக்குத் தண்டனை கிடைக்காத ஒரு குற்றத்தை, பறக்கும் பிராணியின் கணக்கில் சிரிப்பாக எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இது சட்ட ஆலோசனை அல்ல, இந்த ஊர்க்காரன் என்ற முறையில் சொல்வது. உடும்பு மினிபஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போகட்டும். எரிந்த ஓலைகளைத் தேடி நாயகன் ஊர் ஊராய்ப் போகிறான் என்று கதையின் நடுவில் எங்காவது வந்தால், அதை நான் விளையாடுவேன். ‘முதுஓலைகள்’ என்ற பெயருக்கும் அது பொருந்தும்.

கனடா அண்ணாவின் 3,000 டொலர்

காசு அனுப்பியதால் மட்டும் கேம் அவருடையதாகிவிடாது. படைப்பின் உரிமை முதலில் படைத்தவர்களுக்கு. நீங்கள் மூவரும் சேர்ந்து செய்ததால் மூவருக்கும். அந்த உரிமையைக் கைமாற்றுவதாக இருந்தால் இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும் என்று சட்டத்தின் 16 ஆம் பிரிவு சொல்கிறது. வட்ஸ்அப்பில் “இது அண்ணான்ர கேம்தான்” என்று யாரோ எழுதிய குறுஞ்செய்தியை அதற்குச் சமமாக நான் எடுக்க மாட்டேன். இருந்தாலும் இனி அப்படி எழுதாதீர்கள்.

ஆனால் அவருடைய காசு அன்பளிப்பா, கடனா, முதலீடா என்று அன்றே பேசாமல் விட்டது இரண்டு பக்கத்துக்கும் பாதகம். வெளிநாட்டில் இரட்டை வேலை செய்து அனுப்பிய காசாக இருக்கும். அவர் உரிமை பேசுவதன் பின்னால் பேராசைதான் இருக்கிறது என்று முடிவு கட்டவேண்டாம். தொலைபேசியில் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள். என் யோசனை: உரிமை உங்கள் மூவரிடமும் இருக்கட்டும், வருமானத்தில் முதலில் அவருடைய 3,000 டொலரும், அதன் பிறகு ஒரு குறித்த சதவீதம் குறித்த காலத்துக்கும் அவருக்குப் போகட்டும், பெயர்ப் பட்டியலில் தயாரிப்பாளர் என்று வரட்டும்.

உங்கள் மூவருக்கிடையிலும் ஒன்றும் எழுதப்படவில்லை. சிநேகிதர் என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆயிரம் ரூபாய் உங்கள் ஓர் இரவுச் சாப்பாட்டுச் செலவு. யார் எதைச் செய்தார், யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் விலகினால் அவர் எழுதிய கோட் என்னாகும், பெயர் யாரிடம் இருக்கும் என்று இரண்டு பக்கத்தில் எழுதினால் போதும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டீமில் ஒரு கேமைப் போட 100 டொலர் கட்ட வேண்டும், விற்பனையில் ஏறக்குறைய 30 சதவீதம் அவர்களுக்குப் போகும், அமெரிக்க வரிப் படிவமும் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் உரிமையாளர் என்று ஒருவரின் பெயர் எழுத வேண்டி வரும். யாருடைய பெயர் என்று நால்வரும் கையெழுத்து வைத்து முடிக்கும்வரை அந்த 100 டொலரைக் கட்ட வேண்டாம்.